காது கேட்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் மில் வேலைக்கும் தறி வேலைக்கும் போகிறவர்கள் அதிகம். அருப்புக்கோட்டையில் நூற்பாலைகளும் விசைத்தறிக் கூடங்களும் உண்டு. நாடா ஓடும் தறிக்கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்கு ஆகாது.

என்ன ஆகிறது?

உட்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் தொடர் இரைச்சலில் அழிகின்றன. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. இதற்கு மருந்தும் இல்லை. வலி இருக்காது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள் மங்கும். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. வீட்டில் டிவி சத்தம் கூடும். இரவில் காதுக்குள் இரைச்சல் கேட்கும். இந்த நிலை வருமுன்பே ஆடியோமெட்ரி என்னும் காதுச் சோதனை பாதிப்பைக் காட்டிவிடும்.

உங்கள் உரிமை

தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரம், 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி என்று வரம்பு வைத்தன. வரம்பு மீறும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் காதுச் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்றும் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகவே வைத்திருக்கிறது.

இழப்பீட்டுக்கும் வழி உண்டு. ஆனால் 1948 முதல் சட்டத்தில் இருந்தும், இந்தியாவில் முதல் இழப்பீடு கிடைத்தது 1996-இல்தான். கேட்க ஆளில்லை; கேட்டவரிடம் சான்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது காது நன்றாக இருந்தது என்று காட்டும் சீட்டுதான் முதல் சான்று.

செய்ய வேண்டியவை

சோதனைக்கு முன் ஒரு நாளாவது இரைச்சலை விட்டு விலகியிருங்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பஞ்சு போதாது, நிர்வாகத்திடம் காதடைப்பான் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த மருந்தகத்திலும், இல்லாவிட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் காட்டலாம். நிர்வாகம் சோதனையைத் தட்டிக்கழித்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீடு கோர இரண்டு ஆண்டு வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டோடு சேர்ந்த நாலு தறிக் கூடத்துக்கு இந்தச் சட்டங்கள் எட்டாது. 2024-இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அத்தோடு காதையும் பார்க்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.