பழைய மடக்கு தறி வாங்கப் போறீங்களா? மரத்தை விடுங்க, இணைப்பைப் பாருங்க

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில். அனுப்பினவங்க நியூ ஜெர்சியில ஐடி வேலை பார்க்கறாங்க. ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட். ஒரு வருஷமா மேஜை மேல வெக்கிற சின்னத் தறியில மஃப்ளர் நெய்யறாங்க. இப்போ பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல மடக்கி வெக்கிற பழைய ஃப்ளோர் லூம் விலைக்கு வருது. விக்கிறவருக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அது அவரோட அம்மாவோட தறி. விளம்பரத்துல 'எல்லா பாகமும் இருக்கு'ன்னு போட்டிருக்கார். இவங்களுக்கு அந்த விலை பல மாச சேமிப்பு. வாங்கலாமா?

முதல்ல, இந்த மாதிரி தறிகள் அமெரிக்காவுல ஏன் இவ்வளவு விலைக்கு வருதுன்னு பார்ப்போம். 1970கள்ல அங்க கைவினைக்கு ஒரு பெரிய அலை அடிச்சது. கொலராடோல போல்டர் நகரத்துல ஷாக்ட் சகோதரர்கள் கம்பெனி ஆரம்பிச்சது 1969ல. 'ஹேண்ட்வோவன்' பத்திரிகை வந்தது 1979ல. அப்போ இளைஞர்களா தறி வாங்கினவங்களுக்கு இப்போ எழுபது, எண்பது வயசு. தறி பிள்ளைங்க கைக்கு வருது. கராஜை காலி பண்ணணும், அவ்வளவுதான் அவங்க கவலை. அதனால 'எல்லா பாகமும் இருக்கு'ங்கறதை பொய்யுன்னு எடுத்துக்காதீங்க, ஆதாரம்னும் எடுத்துக்காதீங்க. எத்தனை பாகம் இருக்கணும்னே அவருக்குத் தெரியாது.

சரி, ஃப்ளோர் லூம்னா என்ன? தரையில நிக்கும், காலால மிதிப்போம். மிதியை அழுத்தினா ஷாஃப்ட்ங்கற சட்டங்கள் மேல போகும். சட்டத்துல விழுதுகள் தொங்கும். ஒவ்வொரு விழுதுக் கண்ணு வழியாவும் ஒரு பாவு இழை போகும். சில இழை மேல, சில இழை கீழ. நடுவுல கிடைக்கிற இடைவெளியில நாடா, அதாவது ஷட்டில், ஊடையை இழுத்துட்டுப் போகும். அப்புறம் சீப்பு மாதிரி இருக்கற அச்சால ஒரு அடி. அச்சைப் பிடிச்சிருக்கற சட்டத்துக்கு இங்கிலீஷ்ல பீட்டர்னு பேரு. நம்ம ஊர் 'பீட்டர்' இல்ல, அடிக்கிறதால பீட்டர்.

இதெல்லாம் நடக்கணும்னா பாவு விறைப்பா நிக்கணும். ஒரு கணக்கு போடுவோம். இருபது இன்ச் அகலத் துணி, இன்ச்சுக்கு 20 இழை, மொத்தம் 400. ஒரு இழைக்கு 100 கிராம் இழுவைன்னு வெச்சுக்கிட்டாலே 40 கிலோ. அது முன்னாடி உருளையையும் பின்னாடி உருளையையும் நாள் முழுக்க ஒண்ணை ஒண்ணு நோக்கி இழுத்துட்டே இருக்கும். காஞ்சிபுரத்துக் குழித்தறியில இந்த பாரத்தைத் தாங்கறது தரையில ஊன்றின கட்டைகள், அதாவது பூமியே. மடக்கு தறியில அந்த வேலையை நாலஞ்சு போல்ட்டும் திருகும் செய்யுது. மடங்கற இடமும் பாரம் விழற இடமும் ஒண்ணு. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா, எதைப் பார்க்கணும்னு தானா புரிஞ்சுடும்.

மடக்கு தறியில பிரபலமானது எக்ஸ் வடிவ கால்கள். ஷாக்ட்டோட பேபி வுல்ஃப் நல்ல உதாரணம். 26 இன்ச் நெசவு அகலம், பாவு ஏத்தின நிலையிலேயே மடக்கிடலாம். சின்ன அபார்ட்மென்ட்டுக்கு இது பெரிய வரம். விருந்தாளி வந்தா தறியைச் சுவர் ஓரமா தள்ளிடலாம், வேலை பாதியில கெடாது.

போய் நின்னதும் மரத்தோட பளபளப்புல மயங்காதீங்க. தறியை விரிச்சு, திருகுகளை இறுக்கி, மேல கை வெச்சு இடது வலதா ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் அசைஞ்சா பரவாயில்ல, இறுக்கினா நிக்கும். இறுக்கின பிறகும் ஆடினா போல்ட்டைக் கழட்டி ஓட்டையைப் பாருங்க. வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவமா தேய்ஞ்சிருந்தா, அதுதான் நிஜமான கோளாறு. நல்ல தச்சர் மரக்கட்டை செருகி மறுபடி துளை போட்டு சரி பண்ணலாம். ஆனா அந்தச் செலவையும் விலையில கழிச்சுப் பேசணும்.

அடுத்து டேப். முன் உருளைக்கும் பின் உருளைக்கும் உள்ள தூரத்தை இடது பக்கமும் வலது பக்கமும் அளங்க. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காவும் அளங்க. ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இல்லைன்னா தறி கோணியிருக்கு. கோணின தறியில ஒரு ஓரம் இறுக்கமாவும் ஒரு ஓரம் தொளதொளன்னும் வரும். சட்டம் முறுக்கிக்கிட்டிருந்தா நான் வாங்க மாட்டேன், சும்மா கொடுத்தாலும்.

மூணாவது பிரேக். பாவு உருளை பின்னால சுத்தி விட்டுடாம பிடிக்கிறது இதுதான். சிலதுல பல்சக்கரமும் கொக்கியும் இருக்கும், சிலதுல உராய்வு பிரேக். கையோட கெட்டியான பருத்திக் கயிறு கொண்டு போங்க. பின் உருளையில இருந்து முன் உருளைக்கு நாலஞ்சு இடத்துல கட்டி, நல்லா இறுக்கிட்டு பத்து நிமிஷம் பேச்சு கொடுங்க. கயிறு தளர்ந்திருந்தா பிரேக் வழுக்குது, இல்ல பல் தேய்ஞ்சிருக்கு. அந்தப் பத்து நிமிஷத்துல அம்மா என்ன நெய்தாங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் ஒரு டப்பாவைத் தேடி எடுத்துட்டு வருவாங்க, காணாமப் போன பாகங்கள் அதுக்குள்ளதான் இருக்கும்.

இப்போ பயப்பட வேண்டாத விஷயங்கள். அச்சு துருப்பிடிச்சிருக்கா? துரு நூலை அறுக்கும், கறையும் பிடிக்கும். ஆனா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அச்சு புதுசா வாங்கிக்கலாம். உருளையில இருக்கற துணி இத்துப் போச்சா, மிதிக் கயிறு அறுந்திருக்கா? எல்லாம் மாத்தற சரக்கு. நம்ம பாஷையில சொன்னா இதெல்லாம் லைப்ரரி அப்டேட், சட்டம்தான் ஆர்க்கிடெக்சர். விழுதை மட்டும் எண்ணிப் பார்த்துடுங்க. 400 இழைக்கு 400 விழுது வேணும். நீளமும் தறிக்குத் தறி மாறும், அதனால பழைய விழுது ஒண்ணையாவது அளந்து குறிச்சுக்கங்க. மரத்துல குண்டூசித் தலை அளவு ஓட்டையும் கீழ மாவு மாதிரி தூளும் இருந்தா பூச்சி இன்னும் உயிரோட இருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க.

கம்பெனி பேரைத் தேடிப் பார்க்கறது முக்கியம். ஷாக்ட்டும், கனடாவுல கியூபெக்ல 1876ல தொடங்கின லெக்லேர்க்கும் இன்னும் தறி செய்யறாங்க, அதனால பாகத்துக்கு வழி இருக்கு. மூடிப்போன கம்பெனி தறின்னா ஒரு இரும்புக் கொக்கி காணோம்னாலும் நீங்களே பட்டறையில செஞ்சுக்கணும். பேரே இல்லாத தறிக்கு நான் பாதி விலைதான் பேசுவேன்.

எந்த வகைன்னும் கேளுங்க. ஜாக் வகையில மிதிச்ச ஷாஃப்ட் மட்டும் மேல போகும், மத்தது தன் எடையில கீழயே நிக்கும். எந்த டிசைனுக்கும் ஒத்துழைக்கும். கவுண்டர்பேலன்ஸ் வகையில ரெண்டு மேல போனா ரெண்டு கீழ வரும், தராசு மாதிரி. மிதிக்க மெதுவா, சுகமா இருக்கும். ஆனா ஒண்ணு மேல, மூணு கீழங்கற டிசைன்ல இடைவெளி சரியா திறக்காது. முதல் ஃப்ளோர் லூமுக்கு நாலு ஷாஃப்ட் ஜாக் போதும். எட்டு ஷாஃப்ட் ஆசை இருந்தா அடுத்த தறிக்கு வெச்சுக்கங்க.

அகலத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. 26 இன்ச் தறியில 26 இன்ச் துணி வராது. நெய்யும்போது ஓரம் உள்ள இழுக்கும், துவைச்சா இன்னும் சுருங்கும். மஃப்ளர், சால்வை, கைத்துண்டுக்குத் தாராளம். புடவை ஆசை இருந்தா இந்தத் தறி உங்களுக்கில்ல.

எல்லாம் சரின்னா, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை மடக்கி விரிச்சுப் பாருங்க. வீட்டுலயும் தனியாதானே செய்யப் போறீங்க? அப்புறம் நாலு பக்கமும் போட்டோ எடுங்க, குறிப்பா மிதியும் ஷாஃப்ட்டும் எந்தக் கயிறுல இணைஞ்சிருக்குன்னு. அச்சைக் கழட்டி தனியா துணியில சுத்துங்க. ஷாஃப்ட்டுகளை ஒண்ணா சேர்த்துக் கட்டுங்க, இல்லைன்னா கார் குலுங்கற குலுக்கல்ல விழுதெல்லாம் சிக்கிடும். திருகு, போல்ட் எல்லாம் ஒரு ஜிப் பையில போட்டு தறிச் சட்டத்துலயே டேப் போட்டு ஒட்டிடுங்க, உங்க பாக்கெட்ல போடாதீங்க.