காகிதக் கட்டா, கணினித் திரையா?

வக்கீல் என்றதும் நம் மக்களின் மனக்கண் முன் முதலில் தோன்றுவது கறுப்பு அங்கி. அடுத்தபடியாகத் தோன்றுவது, அவருக்குப் பின்னால் குமாஸ்தா சுமந்து வரும் கேஸ் கட்டு. அங்கி இன்றும் இருக்கிறது. கட்டுதான் மெல்ல மெல்ல இளைத்து வருகிறது. அதன் ஸ்தானத்தில், பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டைப் போன்ற கணினி ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. இது வக்கீல்களின் சொந்த விவகாரம், நமக்கென்ன என்று நேயர்கள் இருந்துவிட வேண்டாம். கட்டைச் சுமப்பவர் குமாஸ்தா. அதைப் படிப்பவர் வக்கீல். ஆனால் அதற்குள் அடங்கியிருக்கும் வீடும் நிலமும், சில சமயம் உயிருமே, கட்சிக்காரருடையவை அல்லவா?

1973-ல் தீர்ப்பான கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 68 நாட்கள் வாதங்களைக் கேட்டார்கள். அவ்வளவும் காகிதத்தையும் பேனாவையும் கொண்டே நடந்தேறியது. இன்றோ நிலைமை வேறு. 2020 ஏப்ரல் முதல் சுப்ரீம் கோர்ட்டில் ஏ4 தாளின் இரு புறமும் அச்சிடும் வழக்கம் வந்தது. கோர்ட்டுகளைக் கணினி மயமாக்கும் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய மந்திரிசபை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பழைய தஸ்தாவேஜுகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுவதும் அதில் சேர்ந்த வேலையே.

இதனால் விளையும் சௌகரியங்களை மறுப்பதற்கில்லை. பல்லாயிரம் பக்கங்களில் ஒரு சர்வே நம்பர் எங்கெங்கே வருகிறது என்று காண, முன்பெல்லாம் ஜூனியர் வக்கீல் இரவு முழுதும் கண் விழிக்க வேண்டும். இப்போது அது கண நேரத்து வேலை. வெளியூர்க் கோர்ட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. சீனியர் குறித்த குறிப்பை ஜூனியர் அப்பொழுதே பார்க்கலாம்.

ஆனால் தேடுவது வேறு, படிப்பது வேறு. மேலும், அந்தத் தேடலிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய கிரயப் பத்திரத்தை வெறும் படமாக ஏற்றியிருந்தால், அதிலுள்ள எழுத்துக்களைக் கணினி அறியாது. “அகப்படவில்லை” என்று அது சொல்வதைக் கேட்டு, “அப்படி ஒன்றும் இல்லை” என்று வக்கீல் முடிவு கட்டினால் வழக்கின் கதி என்ன? திரை மறைத்ததாகக் காட்டுவதையும் நம்பக்கூடாது. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மானபோர்ட் என்பவரின் வக்கீல்கள், இரகசியமான வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டு ஒரு மனுவைத் தாக்கல் செய்தார்கள். பட்டைக்கு அடியில் எழுத்துக்கள் அப்படியே இருந்தன! பத்திரிகைக்காரர்கள் அவற்றைப் பிரதி எடுத்துப் படித்துவிட்டார்கள்.

படிப்பைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வதையும் கேட்போம். 54 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் படிப்பை ஒப்பிட்டு, 2018-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. விஷயம் நிறைந்த எழுத்தைப் படிக்கும்போது, திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்களே நன்கு கிரகித்தார்கள் என்பது அதன் முடிவு. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இவ்வித்தியாசம் அதிகமாயிற்றாம். விஷயம் நிறைந்த எழுத்து, நேரமோ குறைவு: வக்கீலின் வாழ்க்கையே இதுதானே!

குறிப்பெடுப்பதில் இவ்வளவு திட்டமான முடிவு கிடைக்கவில்லை. கையால் எழுதுவதே மேல் என்று 2014-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. 2019-ல் மறுபடியும் சோதித்தபோது அது அவ்வளவு உறுதிப்படவில்லை. எனினும், விசைகளைத் தட்டுகிறவர் கேட்டதையெல்லாம் சொல்லுக்குச் சொல் பதிய முனைவது நாமும் காண்பதே. சொன்னதையெல்லாம் எழுதும் மாணவனுக்கும், விளங்கியதை எழுதும் மாணவனுக்கும் உள்ள வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் அன்றாடம் பார்க்கிறோம். குறுக்கு விசாரணையில் உதவுவது இரண்டாமவனின் குறிப்புத்தான்.

ஒரு கட்டை முழுதும் படிப்பதால் விளையும் பயனுக்குக் காந்தியடிகளின் வாழ்க்கையே சான்று. 1893-ல் தாதா அப்துல்லாவின் வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். 40,000 பவுன் பற்றிய தாவா. கணக்குகளோ ஒரே சிக்கல். கணக்கு வைக்கும் முறையைப் புத்தகம் வாங்கிக் கற்றார். வழக்கின் காகிதங்கள் அனைத்தையும் வாசித்தார். தம் கட்சி பலமானது என்று தெளிந்ததோடு, வழக்கு நீண்டால் உறவினர்களான இரு தரப்பாரும் அழிவார்கள் என்பதையும் உணர்ந்தார். மத்தியஸ்தத்துக்கு இருவரையும் இணங்கச் செய்து, தோற்றவர் தவணையில் பணம் செலுத்தவும் வழி செய்தார். வழக்கை முழுதும் அறிந்தவருக்கல்லவா அதை முடிக்கும் வழியும் புலப்படும்?

ஆகவே கட்டை அடுப்பில் போடவும் வேண்டாம், கணினியை உடைக்கவும் வேண்டாம். பிராது, எதிர் வழக்குரை, தகராறுக்குரிய பத்திரம், முக்கிய சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைக் காகிதத்தில் ஒரு முறை ஆதியோடந்தமாகப் படிக்கட்டும். சம்பவங்களைத் தேதி வாரியாக ஒரு தாளில் தம் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். முன் தீர்ப்புகளின் குவியலையும் தேடும் வேலையையும் திரைக்கு விட்டுவிடலாம். கட்டின் பக்க எண்ணும் திரையின் பக்க எண்ணும் ஒன்றாயிருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்வது நலம். இல்லாவிடில் நீதிபதி ஒரு பக்கமும் வக்கீல் ஒரு பக்கமுமாகத் திண்டாட நேரிடும்.

வழக்கில் தோற்றால் வக்கீலுக்கு அடுத்த கட்டு காத்திருக்கிறது. கட்சிக்காரருக்கு இருப்பது அந்த ஒரு கட்டுத்தான். தம்முடைய வக்கீல் அதை ஒரு பக்கமும் விடாமல் படித்திருக்கிறார் என்று நம்பித்தான் அவர் கோர்ட்டு வாசலில் காத்து நிற்கிறார்.