கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

உங்கள் பள்ளி ஆண்டு விழா நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் நீங்கள்தான் ராஜா. வீர வசனம் பேச வாயைத் திறக்கிறீர்கள். பார்த்து மைக் மக்கர் பண்ணிவிடுகிறது! முதல் இரண்டு வரிசைக்குத்தான் உங்கள் குரல் கேட்கும். அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் முறுக்கு சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். சரிதானே?

இப்போது இதைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். மைக்கே கண்டுபிடித்து ஊருக்கு வராத காலம். ஓலைக் கொட்டகை. கியாஸ் லைட் வெளிச்சம். தரையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை நாடகம். கடைசியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். அப்படிப் பாடிப் புகழ்பெற்ற ஒரு பெண்மணிதான் கே.பி.சுந்தராம்பாள்.

நெய்வேலி அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்ததே 1962-ல்தான். அதற்குள் சுந்தராம்பாள் மேடையில் ஒரு வாழ்நாளையே முடித்திருந்தார்!

ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. அங்கே 1908-ம் ஆண்டு பிறந்தார் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கே' கொடுமுடி. 'பி' யார் தெரியுமா? அவருடைய அம்மா பாலாம்பாள். அந்தக் காலத்திலேயே அம்மா பெயர் இனிஷியல்! அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். வீட்டில் வறுமையோ வறுமை. சின்னஞ்சிறு சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கி வந்து குடும்பத்துக்கு உதவினாள். அந்தப் பாட்டைக் கேட்டு அசந்துபோனவர்கள் மூலமாக, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. அப்போது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

முதலில் கிடைத்த வேஷம் என்ன தெரியுமா? ஒரு பையன் வேஷம்! 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடித்து அழும் மூத்த மகன். பசியைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பாவம். அந்தப் பாட்டைக் கேட்டுக் கொட்டகையே அழுததாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கால நாடகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. கதாநாயகன் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகி இன்னொரு ஊரிலிருந்து. பபூன் வேறு ஊர். ஆர்மோனியக்காரர் மற்றொரு ஊர். எல்லோரும் அன்று மாலைதான் சந்திப்பார்கள். ஒத்திகை? கிடையாது! பிறகு எப்படி நாடகம் போடுவார்கள் என்கிறீர்களா? எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடமாகத் தெரியும். அந்த நாடகங்களில் பலவற்றை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் 1922-ல் அவர் காலமானார்.

பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. மேடையிலேயே ஒருவரை ஒருவர் பாட்டாலும் கேள்வியாலும் மடக்குவார்கள். வள்ளி வேஷம் போட்டவர் பதில் சொல்லத் திணறினால் அவ்வளவுதான், கொட்டகையில் ஒரே கூச்சல். வினாடி வினா, பாட்டுப் போட்டி, நாடகம் மூன்றும் ஒன்றாக நடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படிப்பட்ட மேடையில் அன்று சூரப்புலி எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டைக்காரர். இலங்கையில் சுந்தராம்பாள் கொடிகட்டிப் பறந்த நேரம், 1926-ல் கிட்டப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார். "அவரோடு சேர்ந்து பாடாதே அம்மா, உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்" என்று சிலர் பயமுறுத்தினார்களாம். சுந்தராம்பாள் பின்வாங்கவில்லை. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வள்ளி, கிட்டப்பா வேலன். யார் ஜெயித்தது? ஜெயித்தது ஜனங்கள்தான்! இரண்டு பேரும் சேர்ந்து நடித்தால் கொட்டகை கொள்ளாது என்ற நிலைமை வந்துவிட்டது.

1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. அதனால் இந்த வாழ்க்கையில் பாட்டு இருந்த அளவுக்குச் சண்டையும் பிரிவும் இருந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று முதல் அவர் வெள்ளைச் சேலைதான் உடுத்தினார். நகைகளைக் கழற்றி வைத்தார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நாடகம்தான் அவருக்குச் சோறு. வள்ளி இருந்தால் முருகன் வேண்டும். ஜோடி இல்லாமல் அந்தக் கால நாடகமே கிடையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் தொழில் போகும். தொழிலைக் காப்பாற்றினால் சொல் போகும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தானே ஆண் வேஷம் போட்டுக்கொண்டார்!

நெய்வேலிச் சுட்டிகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வடலூர் தாண்டிப் போனால் வருகிறதே சிதம்பரம், அந்தச் சிதம்பரத்துக்குப் போக வேண்டும் என்று ஏங்கியவர் நந்தனார். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்டதால் கோயிலுக்குள் அவரை விடமாட்டார்கள். "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப் போவார் என்றே பெயர் வந்துவிட்டது. அந்த நந்தனாராக நடித்தார் சுந்தராம்பாள். முதலில் மேடையில். பிறகு 1935-ல் சினிமாவில்.

சினிமாவில் நடிக்க அவருக்கு இஷ்டமே இல்லை. கேட்க வந்தவரை விரட்டுவதற்காக, "ஒரு லட்சம் ரூபாய் வேண்டும்" என்று சொன்னாராம். அவர் "சரி" என்று சொல்லிவிட்டார்! அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் மயக்கமே போட்டு விழலாம். ஆனால் படம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. எழுத்தாளர் கல்கி, பனைமரமும் எருமையும்தான் படத்தில் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பாணியில் கிண்டலடித்து விமர்சனம் எழுதினார். பெரியவர்களும் எப்படியெல்லாம் வம்பு இழுப்பார்கள் பாருங்கள்!

அதே காலத்தில் தூரத்து நார்வே நாட்டில் யோஹன்னே டிப்வாத் என்று ஒரு நடிகை இருந்தார். அங்கே தலைநகரில் 1899-ல் தேசிய நாடக அரங்கு கட்டினார்கள். திறந்த நாளிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் அங்கேயே நடித்துப் பெரும் மரியாதை பெற்றார். நம் ஊர் நடிகைகளுக்கு அப்படி ஒரு அரங்கும் இல்லை, அந்த மரியாதையும் இல்லை. நாடகத்தை ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். காலையில் 'கூத்தாடி' என்று ஏளனமும் செய்வார்கள். இது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவர் குரலின் பலத்தைப் புரிந்துகொண்டவர். 1937 தேர்தலில் ஊர் ஊராகச் சுந்தராம்பாளைப் பாட அழைத்துப் போனார். பாட்டுக்காக வந்த கூட்டம், பேச்சையும் கேட்டுவிட்டுப் போனது. 1951-ல் சென்னை மாகாண மேலவையில் உறுப்பினர் ஆனார் சுந்தராம்பாள். ரயிலில் பாடிய சிறுமிக்குச் சட்டமன்றத்தில் நாற்காலி! இந்தியாவில் சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள்.

அந்தச் சபதம் என்ன ஆயிற்று? கடைசிவரை மாறவில்லை. அதற்கு ஏற்ற வேஷங்கள்தான் அவரைத் தேடி வந்தன. 1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் ஔவைப் பாட்டி. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். இவர்களுக்கு யாரும் ஜோடி இல்லையே! 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980-ல் மறைந்தார்.

1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை டி.வி.யில் போட்டால், ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலைமேல் நிற்கிற முருகன் காட்சிக்குக் காத்திருங்கள். அவனைச் சமாதானப்படுத்த ஔவைப் பாட்டி வந்து பாடுவார். அப்போது சுந்தராம்பாளுக்கு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது. டி.வி. சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்!