ஆசிரியர்-மாணவர் கூட்டுறவு: வடாலா வட்டாரத்தின் அனுபவம்

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் உள்ள வடாலாவும், அதனை அடுத்த மாதுங்காவும் உயர்கல்வி நிலையங்கள் நெருங்கி அமைந்த பகுதிகளாகும். வீரமாதா ஜிஜாபாய் தொழில்நுட்பக் கழகம், வேதியியல் தொழில்நுட்பக் கழகம், கால்சா கல்லூரி, ரூயா கல்லூரி, பொதார் கல்லூரி, வடாலாவின் அம்பேத்கர் வணிகவியல் கல்லூரி ஆகியவை, பெரும்பாலும் நடந்தே செல்லக்கூடிய தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. மாதுங்காவில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், தாராவியின் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து முதன் முறையாகக் கல்லூரி வாயிலை மிதிப்போரும் இவ்வட்டாரத்தில் ஒரே வகுப்பறையில் அமர்வதைக் காணலாம்.

பல்கலைக் கழகத்தை நடத்துவது யார் என்ற வினா இத்தகைய இடத்தில் ஏட்டுச் சுவைக்குரியதன்று. 2017ஆம் ஆண்டில் மும்பைப் பல்கலைக் கழகம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறையைப் போதிய முன்னேற்பாடின்றிப் புகுத்தியது. தேர்வு முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாயின. மேற்படிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பித்திருந்த மாணவர்கள் பெரும் இடருக்கு உள்ளாயினர். ஆசிரியர்களோ விடுமுறை நாட்களிலும் திரையின் முன் அமர வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். முடிவின் பயனையும் பளுவையும் சுமக்கும் இரு சாராரும் முடிவெடுக்கும் மேசையில் உரிய இடம் பெறாதபோது நேரக்கூடிய இழப்பை இந்நிகழ்ச்சியிலிருந்து ஓரளவு மதிப்பிடலாம்.

மேனாட்டு வரலாற்றில் இவ்வினாவுக்கு இரு வேறு விடைகள் கிடைத்தன. இத்தாலியின் பொலோனாவில், இடைக்காலத்தில், மாணவர் சங்கங்களே ஆசிரியர்களை அமர்த்தி ஊதியம் அளித்தன. காலந்தாழ்ந்து வந்த ஆசிரியருக்கு அபராதமும் விதித்தன. பாரிசில் ஆசிரியர் சங்கமே பல்கலைக் கழகமாயிற்று. நமக்கு வந்து சேர்ந்தது, இங்கிலாந்து வழியாக, இரண்டாவது மரபு. அதன்மேல் தேர்வு நடத்துவதையே தலையாய பணியாகக் கொண்ட இணைப்புப் பல்கலைக் கழக முறையும் ஏறி அமர்ந்தது. பாடத்திட்டத்தைப் பல்கலைக் கழகப் பாடக்குழு வகுக்கிறது. வினாத்தாளும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. கல்லூரி ஆசிரியருக்கே அதிகாரம் குறைவாக உள்ள இடத்தில் மாணவரோடு அவர் எதைப் பகிர்ந்து கொள்வது? தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் இந்தச் சாக்குச் செல்லாது என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.

சித்தார்த்த கல்லூரியின் முன்மாதிரி

மாணவரின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்துக் கல்லூரியை அமைத்த முயற்சிக்கு இந்நகரிலேயே சான்று உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் அக்கழகம் அன்றைய பம்பாயில் சித்தார்த்த கல்லூரியைத் தொடங்கியது. பகலில் அலுவலகங்களில் எழுத்தராகப் பணிபுரிந்தோர் பயிலும் பொருட்டு அங்கு வகுப்புகள் காலையிலேயே நடத்தப்பட்டன. கால அட்டவணை சிறிய செய்திபோல் தோன்றும். ஆயினும் ஒரு கல்லூரி யாருக்காக இயங்குகிறது என்பதைத் தெரிவிப்பதில் அதற்கு நிகரான ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து. மாணவர்கள் சட்டமன்ற நடைமுறைகளைப் பயின்று வாதிடுவதற்கான மாணவர் பாராளுமன்றமும் அக்கல்லூரியில் செயற்பட்டது. அம்பேத்கரே அதில் உரையாற்றியுள்ளார்.

அக்கழகத்தின் சித்தார்த்த விகார் மாணவர் விடுதி வடாலாவில் அமைந்தது. 1970களில் மராத்தி தலித் இலக்கிய எழுச்சியின் எழுத்தாளர்கள் கூடி விவாதித்த இடங்களுள் அதுவும் ஒன்று. பாடத்திட்டத்தில் இடம்பெறாதிருந்த வாழ்க்கையை அவ்விடுதியின் அறைகளில் பேசியும் எழுதியும் வந்தனர். அவர்கள் படைப்புகள் பின்னர் பல்கலைக் கழகங்களிலேயே பாடமாயின. வகுப்பறைக்குள் கொண்டுவரத்தக்க அறிவு மாணவரிடமும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பிரதிநிதி யார்?

மகாராட்டிரப் பல்கலைக் கழகங்களுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம், வளாக வன்முறையைத் தவிர்க்கும் நோக்குடன், மாணவர் மன்றங்களுக்கு நேரடித் தேர்தலை விலக்கி, முந்தைய தேர்வில் முதலிடம் பெற்றோரை வகுப்புப் பிரதிநிதிகளாக நியமிக்கும் முறையைக் கொணர்ந்தது. அமைதி ஒருவாறு கிட்டியது. ஆனால் மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றவர், இரவுப் பணி முடித்து வகுப்பில் கண் அயரும் மாணவரின் இன்னல்களை அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நடைமுறையால் நன்மை பெற்றவரிடம் அதன் குறையைக் கேட்பது, பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாம் ஏற்காத மாதிரித் தேர்வு முறையாகும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் நேரடித் தேர்தலுக்கு மீண்டும் வழி வகுத்தது. எனினும் 2019இல் அறிவிக்கப்பட்ட தேர்தல்கள் தள்ளி வைக்கப்பட்டன.

தேர்தல் நடந்தாலும் கூட்டுறவு தானே பிறந்துவிடாது. தேசிய மதிப்பீட்டுக் குழுவின் நெறிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அமைந்துள்ள உள்தர உறுதிக் குழுவில் மாணவர் இடம்பெற வேண்டும். 2017 முதல் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பும் மதிப்பீட்டில் ஓர் அங்கமாகியுள்ளது. படிவத்தை நிரப்பித் தருபவர் தகவல் தருபவரே. அத்தகவலால் எது மாறியது என்று திரும்பக் கேட்கும் உரிமை பெற்றாலன்றி அவரைப் பங்காளி எனல் பொருந்தாது. கூட்டத்தில் மாணவர் ஒப்பமிட்ட குறிப்பேடுகளை விட, அவர் சொன்னதன் பேரில் மாற்றப்பட்ட ஒரு தேர்வு நாளையே ஆய்வு அலுவலர்கள் கேட்டுப் பெறுதல் நலம்.

பணியில் விளையும் கூட்டுறவு

செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1954 முதல் இயங்கிவரும் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் அனுபவம் வேறு வகையானது. சமூகப் பணி பயிலும் மாணவர் வாரத்தில் இரு நாட்கள் களத்தில் உழைத்து, ஆசிரியருடன் தம் பணியைப் பற்றி விவாதிக்கும் மரபு அங்குண்டு. ரயில் நிலையங்களிலும் நடைபாதைகளிலும் வாழும் சிறுவர்கள் நள்ளிரவில் உதவி தேவைப்படும்போது அழைக்க எவருமில்லை என்பது இத்தகைய களப்பணியில் தெரியவந்தது. அங்கு ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில், 1996இல், 1098 என்ற எண்ணில் சிறார் உதவித் தொலைபேசி தொடங்கப்பட்டது. பத்து, ஒன்பது, எட்டு என்று இந்தியில் எண்ணி நினைவிற் கொள்ளும் வழக்கம் தெருச் சிறுவரிடையே பரவியது. பின்னர் அது நாடு தழுவிய சேவையாகி, 2023இல் அரசின் அவசர உதவி அமைப்புடன் இணைக்கப்பட்டது. இதில் மாணவர் கொணர்ந்த களச் செய்தியையும் ஆசிரியரின் அமைப்புத் திறனையும் பிரித்துப் பார்ப்பதற்கில்லை.

1933இல் பல்கலைக் கழகத் துறையாகத் தோன்றிய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் கூடங்களிலும் இதற்கு ஒப்பான உறவைக் காணலாம். 1964இல் எம். எம். சர்மா அங்குப் பேராசிரியரானபோது அவருக்கு வயது 27தான். ஆய்வு மாணவருக்கும் வழிகாட்டிக்கும் அத்தனை குறைந்த வயது இடைவெளி இருக்கையில் உரையாடலின் தன்மையே மாறுபட்டிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆனால் ஆய்வுக் கூடத்தில் இயல்பாக அமைவது, நூற்றுவர் அமரும் இளநிலை வகுப்பில் அமைவதில்லை. அங்கு மதிப்பெண் குறுக்கே நிற்கிறது. தம் எதிர்காலத்தை முடிவு செய்யக்கூடியவரிடம் அவர் பாடம் நடத்தும் முறையில் குறை சொல்ல எந்த மாணவர் முன்வருவார்?

இச்சிக்கலுக்கு அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரி 2006-07 முதல் ஒரு வழியைக் கையாண்டு வருகிறது. மாணவர் ஒருவர் தாம் பயிலாத ஒரு பாடத்தின் வகுப்பில் வாரந்தோறும் அமர்ந்து, கற்பித்தல் மாணவர்களைச் சென்றடையும் விதத்தைக் குறித்துக்கொள்கிறார். பின்னர் ஆசிரியருடன் தனியே கலந்து பேசுகிறார். அவருக்கு மதிப்பெண் வழங்கும் அதிகாரம் அவ்வாசிரியருக்கு இல்லை. இப்பணிக்கு ஊதியமும் உண்டு.

வடாலா-மாதுங்கா வட்டாரத்தில் இதனை மேலும் எளிதாகச் செய்யலாம். ஒரு கல்லூரியின் மாணவர் அடுத்த கல்லூரியின் வகுப்பைக் கவனிக்கலாம். பேருந்துச் செலவு கூட நேராது. முப்பது மாணவர்கள், வாரம் மூன்று மணி நேரம், ஒரு பருவத்தில் பதினைந்து வாரம், மணிக்கு ரூ. 100 என்று கொண்டால் மொத்தச் செலவு ரூ. 1,35,000 ஆகும். ஊதியம் தேவைதானா என்று கேட்கப்படலாம். ஊதியமின்றி அமைத்தால், மாலையில் வேலைக்குச் செல்ல வேண்டிய தாராவி மாணவர் விலகிக்கொள்வார். ஓய்வு நேரம் உள்ளவர்கள் மட்டுமே பங்காளிகளாவர். கர்மவீர் பாவுராவ் பாட்டீல் வழியில் மகாராட்டிரக் கல்லூரிகள் பலவற்றில் நடைபெறும் உழைத்துக் கற்கும் திட்டத்தில் தோட்டப் பணிக்கும் நூலகப் பணிக்கும் மாணவருக்கு ஊதியம் வழங்க இடமுள்ளது. வகுப்பைக் கவனித்து அறிக்கை தரும் பணியையும் அப்பட்டியலில் சேர்க்கப் பல்கலைக் கழகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.