ஒரு பெட்டியா, பல பெட்டிகளா?

இல்லத்தில் இருந்தபடியே திரைப்படத்தையும் இசையையும் நல்லொலியுடன் அனுபவிக்க விரும்பும் குடும்பத்தார் இக்காலத்தில் முதலில் வாங்குவது 'ஹோம் தியேட்டர் ரிசீவர்' எனப்படும் ஒற்றைப் பெட்டியாகும். வானொலியைப் பிடிக்கும் பகுதி, படத்தின் ஒலியைப் பகுத்துத் திசைதோறும் பங்கிடும் பகுதி, ஓசையைக் கூட்டிக் குறைக்கும் பகுதி, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒலிபெருக்கிகளை இயக்கும் அம்பிளிபயர்கள் ஆகிய யாவும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. வசதி மிகுந்த ஏற்பாடுதான். ஆனால் நாலைந்து ஆண்டுகள் சென்றதும் வீட்டிலுள்ள மூத்த பிள்ளை, "அப்பா, இதை மாற்றிவிட்டுத் தனித்தனிப் பெட்டிகளாக வாங்குவோமே" என்று கேட்கத் தொடங்குகின்றான். விலையை விசாரித்த தந்தையார் திடுக்கிடுகின்றார். "இவ்வளவு பணத்தைக் கொட்டினால் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. இரு சாராரும் ஆத்திரப்படாமல் இருந்து கேட்பார்களாயின் விஷயத்தைச் சற்று ஆராயலாம்.

தனிப்பெட்டி முறை நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்திலே ஹன்டிங்டன் என்னும் ஊரில் பீற்றர் வோக்கர் என்பவர் நடத்திய தொழிலகம் 1953ஆம் ஆண்டில் 'குவாட் இரண்டு' என்னும் அம்பிளிபயரை வெளியிட்டது. அதன் பலம் வெறும் 15 வாட். எதைக் கேட்பது, எவ்வளவு ஓசையிற் கேட்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு. அது சிறியது, கைக்கெட்டும் இடத்தில் வைக்கத்தக்கது. சூடேறும் வால்வுகளையும் கனத்த மின்மாற்றிகளையும் சுமந்த அம்பிளிபயர் வேறு. அதைக் காற்றோட்டமுள்ள ஒரு மூலையிற் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிடலாம். அக்காலத்து ஒலி ஒரே ஒலிபெருக்கியினின்றும் வரும் ஒற்றை ஒலி. ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1958இல் இடம், வலம் என இரு பக்கங்களிலும் ஒலிக்கும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தன. ஒற்றை ஒலிக்கென அமைந்த ரேடியோகிராம் வைத்திருந்தோர் புதிய ஒலியைக் கேட்க வேண்டுமாயின் அந்த அழகிய மரப்பேழையை முழுமையாகவே மாற்ற வேண்டியதாயிற்று. குவாட் வைத்திருந்தவரோ தம் பழைய அம்பிளிபயருக்குத் துணையாக அதே போன்ற இன்னொன்றை வாங்கினார். ஒலிபெருக்கிக்கும் ஒரு சோடி சேர்த்தார். 1959இல் வெளிவந்த '22' என்னும் ஸ்டீரியோக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நடுவிலே இணைத்தார். அம்பிளிபயர் நின்ற இடத்திலேயே நின்றது; சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றே ஓய்வு பெற்றது. அந்த அம்பிளிபயர்களுட் பல இன்றும் பழுது பார்க்கப்பட்டுப் பாடிக்கொண்டிருக்கின்றன.

நாம் சொல்ல வந்த விஷயத்தின் கரு இதுவேயாகும். ஓர் ஒலிச்சாதனத்தின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. சில விரைவிற் பழசாகிவிடுகின்றன. சில தலைமுறை தாண்டியும் நிற்கின்றன.

யாவற்றையும் ஒன்றாக்கும் எண்ணமும் அதே காலத்தில் அமெரிக்காவிலே தோன்றியது. ஹார்மன் கார்டன் நிறுவனத்தார் 1954இல் வானொலிப் பகுதியையும் கட்டுப்பாட்டையும் அம்பிளிபயரையும் ஒரே கூட்டில் அமைத்து 'ஃபெஸ்டிவல்' என்ற பெயரில் விற்றனர். நல்லொலி ரிசீவர் என்னும் இனத்துக்கு அதுவே முன்னோடி எனப்படுகின்றது. கம்பிகளுடன் மல்லுக்கட்ட விரும்பாத குடும்பங்களுக்கு அது பெரும் உபகாரம் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் பிற்காலத்திலேதான் உண்டாயிற்று. திரைப்பட ஒலியை வீட்டுக்குக் கொணரும் 'டொல்பி சரவுண்ட்' முறை 1982இல் வந்தது. 1987இல் அதனிலும் திருந்திய 'புரோ லொஜிக்' வந்தது. 1996இல் ஜப்பானில் டி.வி.டி. தட்டுகள் வெளியாயின. 2002இல் படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியிற் செலுத்தும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு வகுக்கப்பட்டது. 2006இல் ப்ளூ-ரே, 2014இல் தலைக்கு மேலிருந்தும் ஒலியைப் பொழியும் 'அட்மொஸ்' முறையின் இல்லப் பதிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புதுமைகள் வந்து குவிந்தன. 2005இல் வாங்கிய ரிசீவருக்கு மறு வருடத்துப் புதிய ஒலிமுறைகளைத் தானே பகுத்தறியத் தெரியாது. 2012இல் வாங்கியதற்கு அட்மொஸ் என்பதே அந்நிய பாஷை. ஆனால் அப்பெட்டியினுள் இருக்கும் அம்பிளிபயரின் தொழில் இந்த ஆண்டுகளில் இம்மியும் மாறவில்லை. சிறிய மின்னலையை வாங்கிப் பெரிய மின்னலையாக ஆக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதே 1953இலும் அதன் கடமை, இன்றும் அதுவே கடமை. ஒரே நுகத்தில் குதிரையையும் எருதையும் பூட்டியது போலாயிற்று ரிசீவரின் கதை. குதிரை கிழடானதும் எருதையும் சேர்த்து விற்கின்றோம்.

தந்தையாரின் கேள்விக்கு இனி வருவோம். காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

விற்பனையாளர் பலர் 'தெரியும்' என்று உடனே விடை பகர்வர். நாம் அவ்வளவு விரைவாக விடை கூற முடியாது. 1978ஆம் ஆண்டு ஜூலை மாதத்து 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் ஜேம்ஸ் மோயர் என்பவர் ஒரு சோதனையை விவரித்தார். வோக்கரின் தொழிலகம் செய்த மூன்று அம்பிளிபயர்கள் சோதனைக்கு எடுக்கப்பட்டன. ஒன்று 1953ஆம் ஆண்டின் வால்வு அம்பிளிபயர். மற்றது 1967ஆம் ஆண்டின் டிரான்சிஸ்டர் அம்பிளிபயரான '303'. மூன்றாவது 1975இல் வந்த '405'. எது ஒலிக்கின்றது என்பதைக் கேட்போருக்கு அறிவிக்காமல், ஒலியளவைச் சமப்படுத்தி, மாறிமாறி இசை கேட்கச் செய்தனர். பழகிய காதுடையோராலும் ஒன்றை மற்றதினின்றும் நம்பத்தக்க முறையில் வேறுபடுத்த முடியவில்லை. மூன்றும் ஒரே தொழிலகத்தின் படைப்புகள் ஆதலின், உலகத்து அம்பிளிபயர்கள் யாவும் ஒன்றே என்று இதைக்கொண்டு முடிவு கட்டுதல் தகாது. எனினும், ஒழுங்காகச் செய்யப்பட்ட அம்பிளிபயர்கள் தத்தம் எல்லைக்குள் இயங்கும்போது அவற்றிடையே உள்ள பேதம் மிகச் சிறிது என்று கொள்ளலாம். ரிசீவரும் தன் எல்லைக்குள் இயங்கும்வரை நன்றாகவே ஒலிக்கும். ஆயிரக்கணக்கிற் செலவிட்டுத் தனிப்பெட்டி வாங்கியவர் 'திரை விலகியது போன்ற தெளிவு' என்று வர்ணிப்பதில் பாதி, செலவிட்ட பணத்தின் குரல் என்றே நாம் ஐயுறுகின்றோம்.

அப்படியாயின் எல்லை எங்கே இருக்கின்றது? பௌதிகம் கற்கும் மாணவர் ஓமின் விதியைக்கொண்டு இதனை எளிதில் அறியலாம். ஓர் ஒலிபெருக்கியின் மின்தடை 8 ஓம் என்று கொள்வோம். அம்பிளிபயர் 20 வோல்ட் கொடுத்தால் இரண்டரை அம்பியர் மின்னோட்டம் பாய்கின்றது. வலு 50 வாட். அதே 20 வோல்ட் 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சென்றால் மின்னோட்டம் 5 அம்பியர்; வலு 100 வாட். பெட்டியின் முகப்பில் 8 ஓம் என்று எழுதப்பட்டிருந்தாலும் ஒலிபெருக்கியின் தடை சுருதிக்குச் சுருதி மாறும். சில இடங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அவ்விடங்களிலே ஒலிபெருக்கி கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க வல்லதா என்பதே அம்பிளிபயருக்கு வைக்கப்படும் உண்மைப் பரீட்சை. ரிசீவரிலோ ஏழு அல்லது ஒன்பது அம்பிளிபயர்கள் ஒரே மின்மாற்றியை நம்பி வாழ்கின்றன. ஒரு கூட்டுக் குடும்பத்தில் ஒரே பானைச் சோறு. சாதாரண நாளிற் குறையில்லை. எல்லோரும் ஒரே வேளையிற் பசித்து வந்தாலன்றோ தெரியும்! பானை வற்றும்போது ஒலியலையின் உச்சி வெட்டுண்டு, குரல் கரகரக்கும். அன்றிப் பாதுகாப்பு விசை தட்டிப் பெட்டி மௌனமாகிவிடும்.

விளம்பரத்திற் காணும் '100 வாட்' என்பதையும் அப்படியே நம்புதல் கூடாது. ஒரு சுருதியை மட்டும், ஓர் ஒலிபெருக்கியை மட்டும் இயக்கி அளந்த எண்ணாக அது இருக்கலாம். இந்த மாயவித்தை எல்லை மீறியதனாலேயே அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974இல் அம்பிளிபயர் வலுவை அளப்பதற்கு ஒரு விதி செய்தது; 2024இல் அவ்விதியைத் திருத்தி மேலும் இறுக்கியது. 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, 8 ஓமில், இரு ஒலிபெருக்கிகளையும் ஒருங்கே இயக்கி அளந்த எண்ணைத் தேடிப் பார்த்து ஒப்பிடுவதே புத்திசாலித்தனம்.

எண்ணைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். வலு இரட்டித்தால் ஓசை இரட்டிப்பதில்லை. வலு இரு மடங்கானால் ஓசை 3 டெசிபெல் மட்டுமே உயர்கின்றது. காதுக்கு ஓசை இரட்டித்தது போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். 90 வாட் ரிசீவரைக் கொடுத்து 120 வாட் தனி அம்பிளிபயர் வாங்குபவர் பெறுவது ஒன்றேகால் டெசிபெல். அதற்காகக் கடன் வாங்குதல் வேண்டாம். 200, 300 வாட் கொடுக்கவும், 4 ஓமிற் சோராமல் நிற்கவும் வல்லதாயின் பேச்சு வேறு.

ஆகவே முதலிற் செலவிட வேண்டியது அம்பிளிபயருக்கன்று. நம் வீடுகளிலே சீமெந்துச் சுவர், வழுவழுப்பான தரை, கண்ணாடி யன்னல். ஒலி ஒவ்வொன்றிலும் மோதித் திரும்பி வந்து குரலை மறைக்கும். தரையிலே தடித்த விரிப்பு ஒன்றும், யன்னலுக்குக் கனத்த திரையும், சுவரை ஒட்டி நிறைய நூல்களுள்ள அலுமாரியும் செய்யும் நன்மையை எந்தப் பெட்டியும் செய்யாது. அடுத்தது, தனக்கென அம்பிளிபயருடன் வரும் சப்வூஃபர். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள முழக்கங்களை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் ரிசீவரின் மிகப் பெரிய பாரம் இறங்கிவிடும். பலருக்குத் தனிப்பெட்டி ஆசை இத்துடனேயே தணிந்துவிடும்.

தணியாதவர்க்கு ஒரு நடுவழி உண்டு. ரிசீவரின் பின்புறத்தில் 'பிரி-அவுட்' என்று பொறித்த துவாரங்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருப்பின், இரு வழிகளோ மூன்று வழிகளோ கொண்ட ஒரு பவர் அம்பிளிபயரை மட்டும் வாங்கி முன்புற ஒலிபெருக்கிகளை அதனிடம் விட்டுவிடலாம். ரிசீவரின் மின்மாற்றி மற்றைய சிறிய ஒலிபெருக்கிகளை மட்டும் போஷிக்கும். சில ஆண்டுகள் சென்று புதிய ஒலிமுறை வந்து ரிசீவர் பழசாகும் நாளில், அதனிடத்தில் ஒரு புரொசெசரை வைத்தால் மாற்றம் முற்றுப்பெறும். பவர் அம்பிளிபயர் அசையாது; 1959இல் அந்தக் குவாட் அசையாதது போல. இத்துவாரங்கள் இல்லாத மலிவான ரிசீவரை வாங்கியவர்க்கு இவ்வழி அடைபட்டதே. முதன்முறை வாங்குவோர் வேறெதை மறந்தாலும் இதை மறவாது கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

திரைப்படத்தினும் பாட்டையே பெரிதும் கேட்போருக்கு வேறொரு வகையும் இருக்கின்றது. கட்டுப்பாடும் அம்பிளிபயரும் சேர்ந்த ஸ்டீரியோப் பெட்டி ஒன்றை வாங்கி, படம் பார்க்கும்போது மட்டும் ரிசீவரின் முன்புற ஒலி அதனூடாகச் செல்லுமாறு செய்யலாம். அதற்கான தனி வாயில் அப்பெட்டியில் இருத்தல் அவசியம்.

பெட்டிகள் பெருகும்போது தொல்லைகளும் சில பெருகும். மிக முக்கியமானது 'ஹம்' என்னும் ரீங்காரம். இரண்டு பெட்டிகள் வெவ்வேறு வழிகளால் புவியுடன் தொடர்பு கொள்ளும்போது, அவற்றை இணைக்கும் கம்பியில் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பு நுழைந்துவிடுகின்றது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே மின்வாயிலில் இணைத்தல், தொலைக்காட்சி அன்டெனாக் கம்பியைக் கழற்றிப் பார்த்தல் ஆகியவற்றாற் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். பிளக்கிலுள்ள எர்த் கம்பியை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று சிலர் புத்தி கூறுவர். ஒருபோதும் செய்யலாகாது, உலோகக் கூட்டிற் கை வைக்கும் குழந்தையின் உயிரைக் காப்பது அக்கம்பியேயாகும். இன்னொன்று: போடும்போது பவர் அம்பிளிபயரை எல்லாவற்றுக்கும் பின்னரும், நிறுத்தும்போது எல்லாவற்றுக்கும் முன்னரும் இயக்குதல் நல்ல வழக்கம். இல்லையேல் மற்றைப் பெட்டிகள் எழுப்பும் 'டக்' என்ற அதிர்ச்சி ஒலிபெருக்கிகளைத் தாக்கும். இணைக்கும் கம்பிகளுக்கு வானளாவிய விலை கேட்பாரைப் பற்றி இங்கே பேச இடமில்லை. உறுதியான சாதாரணக் கம்பி போதும்.

நம்மவருக்கென்று தனியே கூற வேண்டியது ஒன்றுளது. கனடாவிலுள்ள உறவினர் ஊருக்கு வரும்போது, அங்கே மலிவாகக் கிடைத்த பவர் அம்பிளிபயரைக் கொண்டுவந்து தருவதுண்டு. அந்நாட்டு வீடுகளின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் நாட்டினது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பின்புறத்தில் 120 என்று மட்டும் பொறித்திருக்கும் பெட்டியை நம் சுவரிற் செருகினால் அது அக்கணமே பழுதாகலாம். இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். அதுவும் அம்பிளிபயர் இழுக்கும் உச்ச வலுவைத் தாங்கவல்லதாய் இருக்க வேண்டும். அப்போதும் 60 ஹேர்ட்ஸுக்கென்று கணக்கிட்டுச் செய்த மின்மாற்றி 50 ஹேர்ட்ஸில் அதிகம் சூடேறும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். லண்டனிலிருந்து வருவனவற்றில் இத்தொல்லை இல்லை. கனடாப் பெட்டியை ஏற்குமுன், தாங்குமாற்றியின் விலையைக் கடையில் விசாரித்து, அதையும் பெட்டியின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பல சமயங்களில் மலிவு என்பது கூட்டலிலேயே கரைந்துபோகும்.