நீண்ட வழியில் சீக்கிரம்

டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுமார் 12,400 கிலோமீட்டர். நூல் திபெத்தின் மேலேறி, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் பக்கம் போய் அமெரிக்காவில் இறங்கும். விமான தூரம் என்று இணையம் சொல்லும் கணக்கு இந்த நூலின் நீளம்தான். ஆனால் நூல் போகும் வழியில் விமானம் போவதில்லை.

சிக்கல் திபெத். பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு இறக்கியாக வேண்டும். தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடியில் ஆக்சிஜன் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கு மேல் வராது. திபெத்திலோ தரையே 14,000 அடிக்கு மேல். எங்கே இறக்குவது?

எனவே ஏர் இந்தியா மேற்கே சுற்றி, அட்லாண்டிக்கைத் தாண்டி 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றியது. வங்கதேசம், மியான்மர், சீனா, ஜப்பான், பிறகு பசிபிக். தூரம் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடியும், பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினாலரை மணியில் முடிந்தது.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம். வெப்ப மண்டலத்தின் சூடான காற்று விரிந்து உயர்ந்து நிற்கிறது. துருவக் காற்று குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. அதனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று துருவத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிட, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. 1920-களில் பலூன்களை விட்டு இந்தக் காற்றை அளந்தவர் ஜப்பானின் வசாபுரோ ஓய்ஷி. உலகமே படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை! 1944-இல் ஜப்பான் மீது குண்டுபோட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள்தான் அதில் மாட்டிக்கொண்டு திணறின.

விமானத்தின் வேகம் அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. அது மணிக்கு 900 கிலோமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பழைய வழியில் பதினாறரை மணி நேரத்தில் விமானம் காற்றைக் கிழித்த தூரம் ஏறக்குறைய 14,850 கிலோமீட்டர். புதிய வழியில் 13,050 தான். மீதியைக் காற்றே சுமந்துவிட்டது. விமானத்தைப் பொறுத்தவரை நீண்ட வழிதான் குட்டை வழி. 2020 பிப்ரவரியில் புயலோடு வந்த இதே காற்று, நியூயார்க்கில் கிளம்பிய ஒரு சாதாரண ஜம்போ ஜெட்டை 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தரைக் கணக்கில் அது ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ஆனால் தன்னைச் சுற்றியிருந்த காற்றில் தாண்டவில்லை. அதனால் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழும் வெடியோசையும் இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த வழியே திரும்பினால் அதே காற்று எதிரே நின்று மறிக்கும். ஆகவே திரும்பும்போதும் விமானம் கிழக்கு நோக்கித்தான் பறந்தது, அட்லாண்டிக் வழியாக டெல்லிக்கு. இப்படிப் போய்வந்த பயணி பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். அந்த நாட்களில் அவருக்கு விடிந்த பொழுதுகள், வீட்டில் இருந்தவர்களுக்கு விடிந்ததைவிட ஒன்று அதிகம்.