ஒரே ‘இன்லைன்’... ரெண்டு அர்த்தம்! பழைய சி கோடு புது கம்பைலரில் அடம்பிடிப்பது ஏன்?

பல வருஷமாக ஒழுங்காக ஓடிய சி புரோகிராம். கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. ஜிசிசி கம்பைலரை மட்டும் 5-வது பதிப்புக்கு அப்டேட் செய்ததும், ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று லிங்கர் கையை விரிக்கிறது. காணோம் என்று அது சொல்லும் ஃபங்ஷனோ அதே ஃபைலில் கண்ணெதிரே இருக்கிறது!

காரணம், ஃபங்ஷனுக்கு முன்னால் இருக்கும் ‘இன்லைன்’ என்ற சொல். கூப்பிடும் இடத்திலேயே கோடை விரித்துவிடலாம் என்று கம்பைலருக்குச் செய்யும் சிபாரிசு அது. கட்டளை இல்லை. கம்பைலர் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டால், கூப்பிடுவதற்குத் தனியாக ஒரு பிரதி வேண்டுமே, அது எங்கே இருக்கும்?

இங்கேதான் வம்பு. 1989-ல் வந்த சி ஸ்டாண்டர்டில் இன்லைன் கிடையாது. ஜிசிசி அதைத் தன் பாணியில் சேர்த்துக்கொண்டது. வெறும் இன்லைன் என்றால் தனிப் பிரதி உண்டு, ‘எக்ஸ்டர்ன் இன்லைன்’ என்றால் இல்லை. பிறகு வந்த சி99 இதை அப்படியே திருப்பிப் போட்டது. எக்ஸ்டர்ன் சேர்த்தால்தான் பிரதி! ஆனாலும் டீஃபால்ட்டாக ஜிசிசி பழைய வழியிலேயே போனது. 2015-ல் வெளியான ஜிசிசி 5-ல்தான் டீஃபால்ட், சி11-ஐ ஒட்டிய ஜிஎன்யூ11 ஆனது. பழைய கோடு சத்தமில்லாமல் புது விதிக்குள் வந்துவிட்டது.

மறுபக்கமும் அடி உண்டு. பழைய ஹெடரில் எக்ஸ்டர்ன் இன்லைன் இருந்தால், அதை இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு பிரதி முளைக்கும். உடனே ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ எரர்.

இதைவிடக் கடுப்பேற்றுவது, இந்த எரர் ஆடும் கண்ணாமூச்சி. ஓ2 ஆப்டிமைசேஷனில் சின்ன ஃபங்ஷன்கள் பெரும்பாலும் விரிந்துவிடும். தனிப் பிரதி இல்லாதது வெளியே தெரியாது. டீபக் செய்யலாம் என்று ஓ0-க்கு மாற்றினால் எதுவும் விரியாது, பில்ட் படுத்துவிடும். ரிலீஸ் பில்ட் ஓடும், டீபக் பில்ட் மட்டும் ஓடாது. புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

என்ன செய்யலாம்? சுலபமான வழி, ‘ஸ்டாட்டிக் இன்லைன்’. பழைய விதி, புது விதி ரெண்டிலும் இதற்கு ஒரே அர்த்தம்தான்; ஒவ்வொரு ஃபைலும் தன் பிரதியைத் தானே வைத்துக்கொள்ளும். சி99 வழியிலேயே போவதென்றால், ஹெடரில் இன்லைன் எழுதி, ஏதாவது ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் எக்ஸ்டர்ன் என்று அறிவிக்க வேண்டும். கோடைத் தொடவே முடியாதவர்களுக்காக, இன்லைனைப் பழைய அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆப்ஷனும் ஜிசிசியில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலும் ஒரு மேக்ரோ மூலம் இன்லைனுக்குப் பழைய அர்த்தத்தையே தக்கவைத்திருக்கிறது.

சி++ தெரிந்தவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். அங்கே பல பிரதிகள் இருந்தாலும் கடைசியில் ஒன்றாக்கப்பட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் சி ஹெடரில் வெறும் இன்லைன் எழுதினால், மறுபடியும் அதே அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்தான்.